வாசகர் கேட்டவை: மார்கழியில் நோர்வேக்காரர் வீட்டில் விருந்தாளியாக

முன்பு வன்னியில் உதவி நிறுவனங்களில் வேலை செய்துவிட்டுப் போன நோர்வேக்காரர் சிலர், பழைய நட்பை மறக்காமல் குடும்பத்தோடு வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வேறு சிலருக்கு மருமகனோ மருமகளோ அந்த நாட்டவர். நத்தாருக்குச் சம்பந்தி வீட்டு அழைப்பு. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைதான். அங்கே தமிழ் உறவினர் வீட்டில் தங்கப் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். குசினிப் பகுதியை மட்டும் அவர்கள் தாண்டிவிடலாம்.

கேள்வி: என் கணவர் கமம் செய்கிறார், நான் முன்பள்ளி ஆசிரியை. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4, மாமிக்கு 68. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நோர்வேத் தம்பதி டிசம்பர் 15 இலிருந்து 3 கிழமை தங்க வரச்சொல்லி எழுதியிருக்கினம். இவரிடம் சம்பளச் சீட்டு என்று ஒன்றும் இல்லை. காணியும் உறுதிக் காணி இல்லை, அனுமதிப்பத்திரக் காணி. விசா கிடைக்குமா?
— ஒரு வாசகி, வட்டக்கச்சி

பதில்: சம்பளச் சீட்டு இல்லை என்பதற்காக மட்டும் யாரையும் மறுப்பதில்லை. வருமானம் எங்கேயிருந்து வருகிறது, நீங்கள் திரும்பி வர ஊரில் என்ன காரணம் இருக்கிறது என்ற இரண்டும்தான் கேள்வி. அனுமதிப்பத்திரத்தின் பிரதி, நெல் விற்ற பற்றுச்சீட்டுகள், இந்தப் போகம் இத்தனை ஏக்கர் விதைத்திருக்கிறார் என்று கமநல சேவை நிலையத்தில் வாங்கிய கடிதம், கடைசி 6 மாத வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை இவருக்குப் போதும். உங்களுக்கு முன்பள்ளியிலிருந்து வேலையையும் விடுமுறையையும் உறுதிப்படுத்தும் கடிதம். மகனுக்குப் பாடசாலைக் கடிதம். தமிழில் உள்ள எல்லாவற்றையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுக்க வேண்டும்.

வங்கிக் கணக்கில் ஒரு விஷயம். விண்ணப்பத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் யாரிடமாவது மாறி ஐந்து இலட்சத்தைப் போட்டுக் காட்டினால், அது உதவி செய்யாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். நெல் விற்ற காசு ஒரேயடியாக வந்திருந்தால் அதற்குரிய பற்றுச்சீட்டை அந்தத் திகதியோடு சேர்த்து இணையுங்கள்.

குடும்பம் ஐந்து பேரும் சேர்ந்து போகும்போது பார்க்கிறவருக்கு இயல்பாக வரும் கேள்வி: ஊரில் யார் மிஞ்சுகிறார்கள்? இதற்குக் காலபோகமே நல்ல பதில். ஐப்பசியில் விதைத்த வயல் நீங்கள் போகும்போது பயிராக நிற்கும், தை கடைசியில் அருவி வெட்டு. பசளையையும் தண்ணீரையும் யார் பார்ப்பார், வெட்டுக்கு நீங்கள் ஏன் இருக்க வேண்டும் என்பதை விண்ணப்பத்தோடு போகும் கடிதத்தில் நாலு வரியில் எழுதுங்கள். சோடித்து எழுத வேண்டாம், உள்ளதை எழுதினால் போதும்.

அழைக்கிறவரின் கடிதத்தில் உங்கள் ஐந்து பேரின் பெயரும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே இருக்க வேண்டும். எங்கள் பெயர்களில் முதலெழுத்து எது, தகப்பன் பெயர் எது என்று அவர்களுக்குப் பிடிபடுவது கஷ்டம். கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். எப்படிப் பழக்கம், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எந்த முகவரி, சாப்பாடும் தங்குமிடமும் யார் செலவு என்பன அதில் இருக்க வேண்டும். செலவை அவர்கள் ஏற்பதாக இருந்தால், நோர்வேக் குடிவரவுத் திணைக்களத்தின் பொறுப்புறுதிப் படிவத்தையும் அவர்களே நிரப்பி அனுப்ப வேண்டும். கிளிநொச்சியில் அவர்கள் இருந்த காலத்தில் சேர்ந்து எடுத்த பழைய படம் இருந்தால் அதையும் வையுங்கள்.

விசாக் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் 45, ஆறுக்குக் கீழே இலவசம். உங்கள் வீட்டுக்கு 315 யூரோ. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி, பயணம் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உள்ளடங்க வேண்டும். கடவுச்சீட்டு நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகு இன்னும் 3 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், 2 வெற்றுப் பக்கமும் வேண்டும். புதிதாக எடுப்பவர்கள் கொழும்புக்கு அலையத் தேவையில்லை, வவுனியாப் பிராந்திய அலுவலகத்திலேயே கொடுக்கலாம்.

பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். சட்டப்படி 15 நாளில் முடிவு வர வேண்டும், ஆனால் 45 நாள் வரை இழுக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. கொழும்பில் இருந்த நோர்வேத் தூதரகம் 2023 இல் மூடப்பட்டுவிட்டதால், கைரேகையைக் கொழும்பில் கொடுத்தாலும் தீர்மானம் நாட்டுக்கு வெளியேதான். டிசம்பர்ப் பயணத்துக்குச் செப்டெம்பரில் கொடுத்துவிடுங்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை.

2009 இடப்பெயர்வில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்தவர்கள், பதிவு எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் நடந்ததோ அங்கே பிரதி கேளுங்கள். இந்த ஒன்றுதான் பல குடும்பங்களைக் கடைசி நேரத்தில் மறித்துப் பிடிப்பது. ஆடி மாதமே தொடங்குங்கள்.

கேள்வி: குளிருடுப்பு கொழும்பில் வாங்குவதா, அங்கே வாங்குவதா? ஆளுக்கு எத்தனை? தடித்த ஜக்கெட் ஒன்று இருந்தால் போதாதா?
— விசுவமடு வாசகர்

பதில்: போதாது. தடித்த ஜக்கெட்டுக்குள் பருத்தி ரீசேட்டோடு போன ஆள் நடுங்குவார். மெல்லிய ஜக்கெட்டுக்குள் கம்பளி உள்ளாடை போட்டவர் நடந்து திரிவார். காரணம் ஈரம். நடந்தால் குளிரிலும் வேர்க்கும். பருத்தி அந்த வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நீங்கள் நின்ற உடனே அது உடம்புச் சூட்டை இழுக்கும். கார்த்திகை மழையில் நனைந்த சேட்டோடு மோட்டார் சைக்கிளில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஓடியவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்று அடுக்கு. தோலோடு ஒட்டியிருப்பது மெல்லிய மெரினோ கம்பளி, மேலும் கீழும். சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவான துணி ஒஸ்லோக் குளிருக்குப் பொருத்தம். அதன்மேல் காற்றைப் பிடித்து வைக்கும் தளர்வான கம்பளி ஜம்பரோ ஃபிளீஸோ. வெளியே காற்றும் தண்ணீரும் புகாத ஜக்கெட், காற்சட்டை. உள்ளாடை ஆளுக்கு 2 சோடி போதும். கம்பளியை ஒவ்வொரு நாளும் தோய்க்கத் தேவையில்லை, இரவில் காற்றில் விரித்துவிட்டால் மணம் போய்விடும். தோய்ப்பதென்றால் இயந்திரத்தில் கம்பளிக்குரிய ஓட்டத்தில், 30 பாகையில். தவறி 60 இல் போட்டால் மகனுடைய உள்ளாடை பொம்மைக்குத்தான் அளவாக வரும். அதுவும் வீட்டுக்காரரின் உடுப்போடு சேர்த்துப் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

சப்பாத்தைக் காலுக்கு அளவாக வாங்குவதுதான் எல்லாரும் விடும் பிழை. கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து, விரல்களை உள்ளே ஆட்ட முடிகிறதா என்று பாருங்கள்; வழக்கத்தை விட ஒரு அளவு பெரிதாக வரும். இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் குறையும், சூட்டைப் பிடித்து வைக்கக் காற்றும் இருக்காது. குளிருதென்று இரண்டாவது காலுறையைத் திணித்தால் இன்னும் குளிரும். கையுறையில் ஐந்து விரலும் பிரிந்தது பார்வைக்கு நல்லது. நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் வகைதான் சூடு.

எங்கே வாங்குவது? உள்ளாடையையும் காலுறையையும் தவிர மற்றதை இங்கே வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். அங்கே பிள்ளைகள் வளர வளர, வீட்டுக்கு வீடு சிறியதாகிப்போன பனியுடுப்பு மடித்துக் கிடக்கும். பிள்ளைகளின் வயதை எழுதாமல் உயரத்தையும் பாத நீளத்தையும் சென்ரிமீற்றரில் எழுதி அனுப்பி, இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள். அவர்கள் அதை ஒரு குறையாக எடுப்பதில்லை. ‘பூஆ’ என்ற பெயரில் அங்குள்ள பல நகரசபைகளில் இரவல் நிலையங்கள் இருக்கின்றன. சறுக்குக் கட்டை, பனிச்சறுக்குச் சப்பாத்து, சறுக்கு வண்டி எல்லாம் ஒரு கிழமை அளவுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு ‘ஃப்ரெடெக்ஸ்’ போன்ற பழைய உடுப்புக் கடைகள்.

ஜக்கெட்டுகளைப் பெரிய சூட்கேஸில் போட வேண்டாம், கைப்பையில் வையுங்கள். கொழும்பிலிருந்து ஒஸ்லோவுக்கு நேர் விமானம் இல்லை. டோகா, டுபாய், இஸ்தான்புல் என்று எங்காவது மாற வேண்டும். மாறுமிடத்தில் சூட்கேஸ் தவறினால் மைனஸ் 10 இல் செருப்போடு நிற்பீர்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சீலை தவிர வேறு பழக்கமில்லை. சலரோகம், பிறஷர் இரண்டுக்கும் குளிசை, இரவில் இன்சுலினும் உண்டு. கூட்டிப்போவது சரியா?
— முழங்காவில் வாசகி

பதில்: வீட்டுக்குள்ளே சீலையோடு தாராளமாக இருக்கலாம், உள்ளே 20 முதல் 22 பாகை. உள்பாவாடைக்குள் கம்பளி நீள்காற்சட்டை, சட்டைக்குமேல் ஜம்பர், காலுக்குத் தடித்த காலுறை. வெளியே போகும்போதுதான் சிக்கல். சீலைக் கரை உருகிய பனிச் சேற்றை உறிஞ்சி முழங்கால் வரை ஈரமேற்றும்; கொய்யகம் சப்பாத்துக்குள் மாட்டும்; பனிக்கட்டியில் அதுவே விழுத்திவிடும். வெளியே காற்சட்டைதான் என்பதைக் கட்டுநாயக்காவில் வைத்துச் சொல்லாமல், இங்கேயே சொல்லி, இங்கேயே இரண்டு நாள் போட்டு நடக்க விடுங்கள்.

பனி பொழிந்து புதிதாகக் கிடக்கும்போது நடப்பது சுகம், மணலில் நடப்பது போலத்தான். ஆபத்து, உருகித் திரும்ப உறைந்த நாள். தரை நனைந்த தார் வீதி போலக் கறுப்பாக மினுங்கும். அது தண்ணீரல்ல, கட்டி. சப்பாத்தின் அடியில் மாட்டும் ஆணி வளையம் அங்கே எல்லாக் கடையிலும் உண்டு, வந்த முதல் நாளே அம்மாவுக்கு ஒரு சோடி வாங்குங்கள். அடி சின்னதாக, பாதம் முழுதாகப் பதிய, உடம்பு முன் காலின் மேல் இருக்க நடக்க வேண்டும். கை ஜக்கெட் பைக்குள் இருக்கக் கூடாது. கடை வாசலுக்குள் நுழைந்ததும் ஆணியைக் கழற்றாவிட்டால் வழுவழுப்பான தரையில் அதுவே வழுக்கும்.

இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும். விமானத்தின் சரக்கறையில் உறைந்தால் பிறகு அது பயன்படாது, உருகினாலும் பாவிக்கக் கூடாது. வெளியே நடக்கும்போதும் ஜக்கெட்டின் வெளிப் பையில் வேண்டாம், உடம்போடு ஒட்டிய உள்பையில். நோர்வே குளிர்காலத்தில் எங்களை விட நாலரை மணித்தியாலம் பிந்தி, ஆகவே போகும் நாள் நீளும், திரும்பும் நாள் குறுகும். அந்த இரண்டு நாளுக்கும் எத்தனை அலகு, எத்தனை மணிக்கு என்பதைக் கிளினிக் வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். குளிசை பயண நாட்களுக்குமேல் இன்னும் 10 நாளைக்கு, பெட்டியோடு, ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச்சீட்டோடு. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் பிறஷர் ஏறும், நெஞ்சு வருத்தம் உள்ளவர்களுக்கு நோ வரும். ஆகவே போகுமுன் ஒரு தடவை பரிசோதனை. நெஞ்சு நோ இருந்து இன்னும் கட்டுப்படவில்லை என்றால் ஆனியில் கூட்டிப்போங்கள், மார்கழியில் வேண்டாம்.

அவசரம் என்றால் 113 அம்புலன்ஸ். அவசரமில்லாத இரவுநேர வைத்தியத்துக்கு 116117. தீயணைப்பு 110, பொலிஸ் 112.

கேள்வி: காட்டுத்தேன், கருவாடு, மாசி, நெய், கறித்தூள், ஒடியல் மா, கறிவேப்பிலை கொண்டு போகலாமா? அவர்கள் வீட்டுக் குசினியில் எங்கள் கறி வைத்தால் மணம் என்று குறை நினைப்பார்களா?
— புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: ஐரோப்பிய எல்லையில் கேட்பது இதுதான்: இறைச்சியா, பாலா? இரண்டும் இலங்கையிலிருந்து கொண்டுபோகக் கூடாது. ஆகவே நெய் நிற்கட்டும், மைலோப் பக்கெற்றும் பால்மாவும் நிற்கட்டும். குழந்தைப் பால்மா மட்டும் விதிவிலக்கு. உடைக்காத கம்பனிப் பொதி, 2 கிலோ வரை. மீன் வகைக்கு ஆளுக்கு 20 கிலோ இடம் உண்டு, கருவாடும் மாசியும் அதற்குள் வரும். தேன் 2 கிலோ. வன்னித் தேனை ஆளுக்கு ஒரு போத்தல் கொண்டுபோனால் சட்டமும் சரி, வீட்டுக்காரருக்கும் அதைவிட நல்ல அன்பளிப்பு இல்லை. மெழுகால் மூடிய சாராயப் போத்தலில் வேண்டாம். திருகு மூடிப் போத்தலில் விட்டு, இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி, பெரிய சூட்கேஸின் நடுவில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள்.

கறித்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, தேயிலை, கறுவா பிரச்சினை இல்லை. அரைத்த தூளைப் பெயரில்லாத பையில் கட்டாமல் ஆங்கிலப் பெயர் ஒட்டிக் கொண்டுபோங்கள். கறிவேப்பிலை, விதை, கன்று, மண் ஒட்டிய கிழங்கு எதையும் எடுக்க வேண்டாம். ஒஸ்லோத் தமிழ்க் கடையில் கறிவேப்பிலை கிடைக்கும். தேங்காயெண்ணெயை அகன்ற வாய்ப் போத்தலில் விடுங்கள். 24 பாகைக்குக் கீழே அது கட்டியாகிவிடும், ஒடுங்கிய வாயால் வராது.

இனி மணம். அந்த வீடுகள் சூடு வெளியே போகாமல் இறுக்கி அடைத்துக் கட்டியவை, ஜன்னலுக்கு இரட்டை, மூன்றடுக்குக் கண்ணாடி. எங்கள் குசினியின் புகை ஓட்டிடுக்கால் போவது போல அங்கே போகாது. செத்தல் மிளகாயும் கடுகும் தாளித்த நெடி வரவேற்பறைச் சோபாவிலும் கொழுவியிருக்கும் கம்பளி ஜக்கெட்டிலும் ஏறி நாள்கணக்கில் நிற்கும். அதற்கு முன்னமே கூரையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி கத்தத் தொடங்கிவிடும். தாளிப்பதை மூடிபோட்ட சட்டியில், உறிஞ்சு விசிறியை முழு வேகத்தில் வைத்து, படுக்கையறைக் கதவுகளையும் உடுப்பு அலுமாரியையும் சாத்திவிட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் ஜன்னலை 5 நிமிடம் முழுதாகத் திறந்து விடுங்கள். மணித்தியாலக்கணக்கில் இலேசாகத் திறந்து வைப்பதை விட இது நல்லது, சுவர் ஆறாமல் காற்று மட்டும் மாறும்.

கருவாட்டை எல்லைக் காவலர் விட்டாலும், எங்கள் அபிப்பிராயம்: அந்த வீட்டில் பொரிக்க வேண்டாம். ஒஸ்லோவில் இருக்கும் தமிழ்ச் சொந்தத்துக்குக் கொடுத்துவிட்டு, ஒருநாள் அங்கே போய்ச் சாப்பிடுங்கள். கற்பூரமும் சாம்பிராணியும் இதே கணக்குத்தான். திருவெம்பாவைக் காலம் என்றாலும் படத்துக்கு முன் சிறு மெழுகுதிரி போதும். மார்கழி மாதம் அவர்களும் ஜன்னலில் திரி ஏற்றித்தான் வைத்திருப்பார்கள்.

சாப்பாட்டு நேரம் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியது. காலையும் மத்தியானமும் பாண், மேலே வெண்ணெய், மீன், சீஸ். மண்ணிறச் சீஸ் ஒன்று இருக்கும், இனிப்பு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சமைத்த சாப்பாடு ஒன்றுதான், மாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில். இரவு 8 மணிக்குச் சோறு தேடும் வயிற்றுக்கு அது நீண்ட இரவு. அறையில் பிஸ்கட் வைத்திருங்கள், அம்மாவுக்குச் சலரோகம் என்றால் இது கட்டாயம். 24 ஆம் திகதி மாலைதான் அவர்களுக்குப் பெருநாள், 25 அல்ல. ஒஸ்லோப் பக்கம் பன்றி விலா, மேற்குக் கரையில் உப்பிட்டுக் காயவைத்த ஆட்டு விலா. மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, மார்கழியில் மரக்கறி என்பதை எல்லாம் வரும் முன்பே எழுதிவிடுங்கள். மேசையில் தட்டு வைத்த பிறகு சொன்னால் சமைத்தவர் முகம் வாடும். நத்தார்க் காலப் பாற்சோறு எல்லாருக்கும் ஒத்துவரும்: அரிசியைப் பாலில் குழைய விட்டு, மேலே சீனி, கறுவாத்தூள், வெண்ணெய். உள்ளே ஒரு வாதுமைப் பருப்பு ஒளிந்திருக்கும், அது யார் தட்டில் வருகிறதோ அவருக்கு மாசிப்பான் இனிப்பில் செய்த பன்றிக்குட்டி பரிசு. மெல்லாமல் விழுங்கவேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: குளியலறை, கழிவறை, தோய்ப்பது பற்றிச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
— நெடுங்கேணி வாசகி

பதில்: கூச்சப்படாமல் முதல் நாள் மாலையே வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்; எது எப்படி என்று விருந்தாளி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு அல்ல, கேட்காமல் உடைப்பதுதான் குறைவு.

கழிவறையில் தண்ணீர் வாளி இருக்காது, தாள்தான். சிறு பிளாஸ்ரிக் சாடியோ போத்தலோ நீங்களே கொண்டுபோங்கள். இருக்கை, தரை ஈரமானால் துடைத்துவிட்டு வாருங்கள். தாள் கழிவுக்குழியிலேயே போகும், ஈரத்துடைப்பானும் மாதவிடாய்த் துணியும் போகக்கூடாது. குளியலறைத் தரையில் வடிகால் இருக்கும், தரைக்குக் கீழே சூடு ஓடும். எண்ணெய் வைத்து முழுகினால் வடிகாலின் மூடியில் தலைமயிர் அடைக்கும், எடுத்துக் குப்பையில் போட்டு, தரையைச் சவர்க்காரத்தால் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் வழுக்குவார். முழுகிய ஈரத்தலையோடு வெளியே போகவே கூடாது.

சுடுதண்ணீர் முடியாமல் வந்துகொண்டேயிருக்கும் என்று நினைப்பது பெரும் பிழை. பெரும்பாலான வீடுகளில் மின்சாரத்தில் சூடாகும் 200 லீற்றர் அளவான தண்ணீர்த் தாங்கி. அதில் இருக்கும் கொதிநீரைக் குளிர்நீரோடு கலந்தால் குளிக்கக் கிடைப்பது ஏறத்தாழ 350 முதல் 400 லீற்றர். நிமிடத்துக்கு 10 லீற்றர் வீதம் ஐந்து பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் நின்றால் 500. நாலாவது ஆளோடு சுடுதண்ணீர் முடிந்துவிடும், வீட்டுக்காரருக்கு ஒன்றுமே இல்லை. திரும்பச் சூடாகச் சில மணித்தியாலம் எடுக்கும். பிள்ளைகளை மாலையில், பெரியவர்களைக் காலையில், ஆளுக்கு 5 நிமிடம். அந்த வறண்ட காற்றில் நாளுக்கு இரண்டு தரம் குளித்தால் தோல் வெடிக்கும், குளித்த ஈரத்தோடு எண்ணெய்ப் பசையான கிறீம் பூசுங்கள்.

நனைந்த கையுறையையும் காலுறையையும் சுவரிலுள்ள மின்சூடாக்கியின் மேல் போட வேண்டாம். வீடு எரிவது இப்படித்தான். மூடக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். குளியலறைச் சூட்டுத்தரையில் விரித்துவிட்டால் விடியக் காய்ந்திருக்கும். விறகடுப்பு இருந்தால் அதில் கை வைப்பதை வீட்டுக்காரருக்கு விடுங்கள், எங்களுக்கு அடுப்பு மூட்டத் தெரியும் என்றாலும். காற்று வழியை நேரத்தோடு மூடினால் நச்சுப் புகை, மணமே தெரியாது.

படுக்கையறை குளிராக இருக்கும். வேண்டுமென்றே அப்படித்தான் வைப்பார்கள், ஜன்னல்கூடச் சற்றுத் திறந்திருக்கும். ஆளுக்கொரு இறகுப் போர்வை. குளிருகிறது என்றால் சூடாக்கியை நீங்களாகக் கூட்டாமல் இன்னொரு போர்வை கேளுங்கள். அந்தக் காலத்தில் மின்கட்டணம் அவர்களுக்கும் தலையிடி.

கேள்வி: 4 வயது மகளை மைனஸ் குளிரில் வெளியே விடலாமா?
— மாங்குளம்

பதில்: விடலாம். அந்த நாட்டுப் பிள்ளைகள் அதில்தான் விளையாடுகிறார்கள். மைனஸ் 10 க்குக் கீழே என்றால் அரைமணித்தியாலத்துக்கு ஒருமுறை கன்னம், மூக்கு நுனி, கைவிரல் பாருங்கள். மெழுகு போல வெள்ளைத் திட்டு, தொட்டால் உணர்வில்லை என்றால் உள்ளே கூட்டிவந்து உங்கள் உள்ளங்கைச் சூட்டை வையுங்கள். தேய்க்க வேண்டாம், பனியால் தேய்க்கவே வேண்டாம், தோல் கிழியும். வெளியே போகுமுன் கடைசி வேலை கழிவறை. மூன்று அடுக்கையும் போட்டு முடித்த பிறகுதான் பிள்ளைக்கு வரும். காரில் 135 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி இருக்கை சட்டம், 9 வயது மகனுக்கும் பெரும்பாலும் தேவைப்படும். உயரத்தை முன்பே சொன்னால் இரவல் எடுத்து வைப்பார்கள்.

ஒஸ்லோவில் டிசம்பர் கடைசியில் பகல் 6 மணித்தியாலம்தான். மூன்றரைக்கே இருட்டு. எல்லாருடைய ஜக்கெட்டிலும் ஒளி தெறிக்கும் பட்டி தொங்கவேண்டும். கறுப்பு உடுப்புக்காரரைச் சாரதி 25, 30 மீற்றரில்தான் காண்பார், பட்டி இருந்தால் 140 மீற்றரிலேயே.

கேள்வி: எங்களைக் கூப்பிட்டவர்கள் நோர்வேயின் வடக்கே துரொம்சோவில். அங்கே சூரியனே வராதாமே?
— துணுக்காய்

பதில்: கார்த்திகை கடைசியிலிருந்து தை நடுப்பகுதி வரை அடிவானத்துக்கு மேலே வராது. முழு இருட்டு அல்ல, மத்தியானத்தில் சில மணித்தியாலம் நீல வெளிச்சம் இருக்கும். வானில் பச்சை ஒளி பார்க்க அதுதான் காலம். நித்திரை குழம்பும், மத்தியான வெளிச்சத்தில் கட்டாயம் வெளியே போய் வாருங்கள்.

கேள்வி: போன இடத்தில் இவர் சின்ன வேலை ஏதும் செய்யலாமா, விசாவை நீட்டலாமா?
— பெயர் வேண்டாம், ஒட்டுசுட்டான்

பதில்: இல்லை. வேலைக்கு இடமே இல்லை; கடும் நோய் போன்ற தவிர்க்க முடியாத காரணம் தவிர விசாவை நீட்டவும் முடியாது. மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமல்ல, பொறுப்புறுதி கொடுத்தவரும். 2025 ஒக்டோபரிலிருந்து எல்லையில் வரவும் போக்கும் முகப்படத்தோடு கணினியில் பதிவாகும் முறை நடைமுறைக்கு வரத் தொடங்கியது, ஒரு நாள் கூடினாலும் தெரியும்.

கேள்வி: தொலைபேசி, கமரா, காசு?
— பரந்தன் வாசகர்

பதில்: குளிரில் மின்கலம் திடீரென்று இறங்கும், தொலைபேசியை உள்பையில் வையுங்கள். கமராவை வெளியிலிருந்து கொண்டுவந்ததும் திறக்காமல், பொலித்தீனில் சுற்றி இரண்டு மணித்தியாலம் விடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நீர் படியும். பவர் பாங்க் கைப்பையில் மட்டும், 27,000 மில்லியம்பியர் மணி வரை. எங்கள் செருகி அங்கே பொருந்தாது, இரண்டு உருண்டைக் குச்சி மாற்றி வேண்டும். கடைகளில் எல்லாம் அட்டைதான், உங்கள் வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஞாயிறும் நத்தார் நாட்களும் கடை பூட்டு.

கேள்வி: மூன்று கிழமை சாப்பிட்டுத் தங்கிவிட்டுச் சும்மா வருவதா? காசு கொடுத்தால் கோபிப்பார்களா? திரும்பி வந்த பிறகு அந்தக் கம்பளிகளை என்ன செய்வது?
— பூநகரி வாசகி

பதில்: கவரில் காசு வைத்து நீட்டினால் சங்கடப்படுவார்கள். கடைக்குப் போகும்போது ஒரு தடவை நீங்கள் அட்டையை நீட்டுவது, கிழமைக்கு இரண்டு நாள் சமையல் எங்கள் பொறுப்பு என்று எடுப்பது, இரவில் பனி கொட்டினால் விடிய எழும்பி வாசல் பாதையைச் சவளால் வழித்துவிடுவது: இவைதான் அங்கே செல்லும். வழிக்கும்போது பனியைச் சவள் நிறைய அள்ளித் தூக்காமல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஈரப்பனி நெல் மூட்டை மாதிரிப் பாரம், இடுப்புப் பிடிக்கும். அன்பளிப்பாகத் தேனுக்கு அடுத்தபடி பனையோலைப் பெட்டி, கறுவா, தேயிலை. கிளம்பும் நாள் படுக்கை விரிப்பு, தலையணை உறை கழற்றிச் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

இரவல் உடுப்பைத் தோய்த்துக் காயவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். சொந்தக் கம்பளியைக் கொண்டுவந்த அன்றே சூட்கேஸிலிருந்து எடுங்கள். தையிலும் எங்கள் பக்கம் ஈரக்காற்றுத்தான், மூடிக் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். 30 பாகைக்கு மேல் போகாத தண்ணீரில் அலசி, முறுக்காமல் துவாயில் சுற்றிப் பிழிந்து, நிழலில் பாயில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீளும். முற்றாகக் காய்ந்த பிறகு, வெயிலில் உலர்த்திய வேப்பிலையோடு காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் மூடி, ஆவணி வெயிலுக்கு ஒருதடவை திறந்து பாருங்கள்.